மைக்கா ஒட்டும் முன் பாருங்கள்: கேரவன் உள்வேலை கேள்வி-பதில்

பழைய கேரவன், வேன் வாங்குவதைப் பற்றிப் போன முறை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் அலமாரி, பெட்டி, லைனிங் (வண்டித் தகட்டை உள்பக்கம் மூடும் பலகை) பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

என் பழைய வண்டியில் மேல் அலமாரி ஓரமெல்லாம் மைக்கா உரிந்து நிற்கிறது. மழை வந்தால் ஒரு ஊறல் நாற்றம். மேலேயே புது மைக்கா ஒட்டிவிடலாம் என்கிறார் ஆசாரி. ஒட்டலாமா? (திருவையாறு)

ஒட்டாதீர்கள். நாற்றமும் அடிக்கிறது, ஓரமும் உரிகிறது என்றால் பின்னால் தண்ணீர் இறங்குகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை மைக்கா ஒட்டினாலும் அடுத்த ஐப்பசி மழையில் அதுவும் வந்துவிடும்.

அலமாரியைக் கழற்றி, லைனிங்கையும் எடுத்துவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடித்து, கீழே இருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகவேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துபோய், ஒழுகுவது எது என்று பிடிபடாது. ஜன்னல் ரப்பர், கூரைத் தகடு பக்கச் சுவரோடு சேரும் இடம், ஏ.சி.க்காகக் கூரையில் வெட்டின ஓட்டை, இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள். பழைய பலகையை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். நல்ல பலகை தடுக்கும், ஊறின பலகையில் நுனி சத்தமில்லாமல் உள்ளே போகும். முதலில் ஒழுகல், அப்புறம் துரு, அப்புறம் வயரிங், அதற்குப் பிறகு லைனிங், கடைசியில்தான் அலமாரி. இந்த வரிசையை மாற்றச் சொல்கிற ஆசாரியை மாற்றுங்கள்.

மேல் அலமாரிக் கதவுக்கு வீட்டில் போடுகிற மேக்னட் கேட்ச் போதுமா? (பாபநாசம்)

போதாது. ஒரு வேகத்தடையில் கதவு திறந்து எவர்சில்வர் டப்பா பிள்ளை தலையில் விழும். அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பட்டன் லாக் போடுங்கள், டிராயருக்கும் சேர்த்து.

கிச்சன் பெட்டிகளுக்கு 710 தரம் (தண்ணீர் தாங்கும் மரைன் பலகை) என்று சொல்லி பிளைவுட் விற்றார்கள். ஒரே மழைக்காலத்தில் சிங்க் பக்கத்துப் பலகை பூரி மாதிரி உப்பிவிட்டது. என்னிடம் இருப்பது ‘பிளை 12 எம்.எம். 9 ஷீட்’ என்று எழுதின துண்டுச் சீட்டு மட்டும். அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறது. வண்டியை நானே ஓட்டி வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடக்கிறது. (மன்னார்குடி)

படித்துவிட்டு மனசு ஆறவில்லை. நீங்கள் தரம் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். கேட்ட தரத்தைக் கொடுக்காதது அவர்கள் தப்பு. அந்த வரி அச்சடித்திருக்கிறது என்பதற்காகப் பின்வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பிக் கொடுக்கும்போது வாங்க மறுப்பதும் அப்படித்தான். உங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டது, பரவாயில்லை. ஒரு தரம் சொல்லி வேறொன்றை விற்றார்கள் என்ற புகாருக்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. வாடகைக்கு விடும் வண்டியாயிற்றே, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவர் வாங்கிய பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்களுக்குத் திருவாரூர். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், சில கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும்.

உப்பின பலகையைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். வெட்டி மிச்சமான துண்டு இருந்தால் அதுவும் வேண்டும், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க முடியும். ஜிபே-யில் பணம் போயிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டும் சாட்சிதான்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், இது எனக்கு நெடுநாள் ஆத்திரம். இந்தத் துண்டுச் சீட்டு வியாபாரம் டெல்டா முழுக்க நடக்கிறது. ‘பில் போட்டால் வரி சேர்ந்துவிடும் சார்’ என்று கடைக்காரர் சொன்னதும் நாமும் சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். மிச்சமாவது சில ஆயிரம், அதற்குப் பதிலாகக் கைவிட்டுப் போவது கேட்கும் உரிமை. பில்லில் ‘ஐ.எஸ். 710, இத்தனை எம்.எம்., இன்ன கம்பெனி’ என்று எழுதி வாங்குங்கள். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகை, 710 என்பது மரைன் பலகை. 710-க்கு 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பசை விடுகிறதா என்று சோதிக்கிறார்கள். விற்கிறவர் வாயால் 710 என்று சொல்வது தரம் ஆகாது. ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும், அந்த எண்ணை, முத்திரை கொடுக்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கின உரிமம் என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். முத்திரையை போட்டோ எடுங்கள், ஒவ்வொரு ஷீட்டையும். மைக்கா ஒட்டினபிறகு 710-ம் ஒன்றுதான், ரோட்டோரப் பலகையும் ஒன்றுதான், யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியாக இருப்பதே இதுதான். அதனால் வெட்டி, அடித்து, மைக்கா ஒட்டுவதற்கு முன் உங்களைக் கூப்பிடவேண்டும் என்று ஆசாரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெட்டின ஓரத்தைப் பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவே சந்து தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம்.

எல்லாப் பெட்டியையும் 18 எம்.எம்.மில் செய்துவிட்டால் கட்டியாக இருக்குமே? (கும்பகோணம்)

கட்டியாக இருக்கும், வண்டி தாங்கவேண்டுமே. 8-க்கு 4 ஷீட் 18 எம்.எம். என்றால் ஏறத்தாழ 35 கிலோ, 9 எம்.எம். அதில் பாதி. சின்ன கேரவனுக்கே பத்துப் பன்னிரண்டு ஷீட் போகும், அப்புறம் தண்ணீர் டேங்க், பேட்டரி, ஆட்கள். படுக்கைக்கு அடியிலும் உட்காரும் இடத்திலும் மட்டும் 18 போடுங்கள், மற்றதற்கு 12, மேல் அலமாரிக்கு 9. வேலைக்கு முன்னும் பின்னும் அரிசி ஆலைப் பக்கத்து எடைமேடையில் வண்டியை ஏற்றிச் சீட்டு வாங்கி, ஆர்.சி.யில் உள்ள எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மல்டிவுட் (மரத்துக்குப் பதிலாக வரும் பி.வி.சி. பலகை) எடை குறைவுதானே என்று அடுத்து கேட்பீர்கள். தண்ணீருக்கு அசையாது என்பது உண்மை. நானும் நம்பி ஒரு வேனில் மேல் தட்டுக்குப் போட்டேன். சித்திரை வெயிலில் மூடி நிறுத்தின வண்டியில் தட்டு நடுவில் தொங்கியது, கதவைத் திறந்தபோது கீல் ஸ்க்ரூவோடு கையில் வந்துவிட்டது. போட்டுக்கொடுத்த கடை, வண்டிக்கு என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்றது. பாத்ரூம் சுவருக்கு அது சரி. கனம் வைக்கிற தட்டுக்கு வேண்டாம்.

தகட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவில் என்ன அடைப்பது? தெர்மாகோல் மலிவாகக் கிடைக்கிறது. (நாகப்பட்டினம்)

தெர்மாகோல் வேண்டாம், ஓடுகிற வண்டியில் உரசி உதிர்ந்துபோகும், தீயும் சட்டென்று பிடிக்கும். கிளாஸ் வுல் ஈரம் குடித்தால் கனத்துக் கீழே இறங்கிவிடும். சமையல் ஆவியும் தூங்குபவர்கள் மூச்சும் மார்கழி ராத்திரியில் தகட்டின் உள்பக்கம் வேர்த்து நிற்கும், அந்த ஈரம் உட்கார இடம் கொடுக்கக்கூடாது. பசையோடு வருகிற நைட்ரைல் ரப்பர் ஃபோமை, துரு சுரண்டி பிரைமர் அடித்த தகட்டில் சந்து விடாமல் ஒட்டுங்கள். மேலே மெல்லிய பிளையோ ஏ.சி.பி. ஷீட்டோ (இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டின பலகை) போடலாம். ஏ.சி.பி. என்றால் தீத்தடுப்பு வகையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குச் சாதாரண ஸ்க்ரூ நிற்காது, 316 எஸ்.எஸ். (துரு ஏறாத ஸ்டீல்) விலை கூடத்தான், அதையே வாங்குங்கள். மூடுவதற்கு முன் வயர் போகிற பாதையை முழுக்க போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் வைக்க ஒரு பெட்டி செய்யலாமா? (வேளாங்கண்ணி)

கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துச் சமைக்கப் போய் 9 பேர் உயிர் போனது. சிலிண்டருக்குத் தனி அறை, அதன் கதவு வண்டிக்கு வெளியே, தரை மட்டத்தில் வெளிக்காற்றுக்குத் துவாரம், உள்பக்கம் சந்தே இல்லாத அடைப்பு. இது முடியாது என்றால் மின் அடுப்பு.

சரக்கு வேன் ஒன்று மலிவாக வந்தது, வாங்கிவிட்டேன். உள்ளே வேலை செய்ய வீடியோவில் பார்த்த ஒரு பட்டறைக்கு முக்கால் பணமும் அனுப்பிவிட்டேன். இப்போது போன் எடுக்கமாட்டேன் என்கிறார்கள். ஆர்.சி. மாற்றணுமா? (பட்டுக்கோட்டை)

வேன் வாங்கும் முன்னும் பணம் அனுப்பும் முன்னும் கேட்டிருக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது. சரக்கு வண்டிக்குள் கட்டிலும் அடுப்பும் போட்டு ஆட்களை ஏற்றினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்க் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்.

பட்டறையை நேரில் பார்க்காமல், எழுத்தில் எதுவும் வாங்காமல் முக்கால் பணம் அனுப்புகிறவர்களுக்கு நான் எத்தனை முறைதான் எழுதுவது? சரி, நடந்தது நடந்துவிட்டது. பதிவுத் தபாலில் கெடு வைத்துக் கடிதம் போடுங்கள், 1915-இல் பதியுங்கள், நகர்ந்து கொடுக்கவில்லை என்றால் ஆணையம். பணம் அனுப்பின விவரத்தையும் அவர்கள் அனுப்பின மெசேஜ்களையும் அழித்துவிடாதீர்கள்.

தாத்தா வீட்டைப் பிரித்தபோது வந்த தேக்குப் பலகைகள் கிடக்கின்றன. கேரவன் அலமாரிக்குப் பயன்படுமா? (திருக்காட்டுப்பள்ளி)

நன்றாகப் பயன்படும், இதைப்போல் நல்ல கடிதம் இந்த முறை வேறு வரவில்லை. முழுப் பெட்டியையும் தேக்கில் செய்தால் கனம் கூடிவிடும். மெல்லிய சட்டமாக அறுத்து ஃப்ரேமுக்கும், தட்டின் முன்பக்கத் தடுப்புக்கும், கதவு ஓரத்துக்கும் போடுங்கள், நடுவில் 6 எம்.எம். பிளை போதும். பலகையைத் தட்டிப் பார்த்து உளுத்த பகுதியை முதலில் வெட்டிவிடுங்கள். அறுக்கவும் இழைக்கவும் மெஷினில் விடுவதற்கு முன் பலகை முழுக்கக் காந்தத்தை ஓட்டி, உள்ளே புதைந்த பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். பிளேடு போனால் அந்தக் காசையும் உங்களிடம்தான் கேட்பார்கள்.