வெள்ளி நாணயங்களை எதில் வைப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: 38 மி.மீ. கேப்சூல் (ஒரு நாணயம் வைக்கும் வட்டமான பிளாஸ்டிக் கூடு) வாங்கினேன். என் 1 அவுன்ஸ் நாணயம் உள்ளே போகவில்லை. ஏன்?

ப: என்ன நாணயம் என்று எழுதவே இல்லையே! எடை ஒன்றானாலும் அகலம் மாறும். கனடாவின் மேப்பிள் லீஃப் 38 மி.மீ., ஆஸ்திரியாவின் பில்ஹார்மோனிக் 37, அமெரிக்கன் ஈகிள் சுமார் 41. உங்களுடையது ஈகிளாக இருக்கலாம். அளந்துவிட்டு வாங்குங்கள்.

கே: மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். பச்சையாகப் பிசுபிசுக்கிறது. துணியால் துடைக்கலாமா?

ப: கூடவே கூடாது. துடைத்தால் கீறல் விழும், அது போகவே போகாது. அந்த உறை பெரும்பாலும் மென்மையாக்கப்பட்ட பிவிசி. வளைவதற்காக அதில் சேர்த்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசியும். பிவிசி சிதையும்போது அமிலமும் வரும். இதெல்லாம் தெரிந்தும் நாணயம் வைக்கவென்றே இதை இன்னும் விற்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை. எத்தனை நல்ல நாணயங்கள் இப்படிப் பாழாகின்றன!

முதலில் எல்லா நாணயங்களையும் உறையிலிருந்து எடுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிடுங்கள். புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாகக் காயவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் இருக்கும். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். அமிலம் ஏற்கெனவே அரித்த இடம் மட்டும் பழையபடி ஆகாது. இனி மைலார் (பாலியெஸ்டர் படலம்), பாலிப்ரொப்பிலீன், அக்ரிலிக் ஆகிய மூன்று பிளாஸ்டிக்குகளில் ஒன்றால் ஆன உறையை வாங்குங்கள். அட்டையில் 'பிவிசி இல்லாதது' என்று இல்லாவிட்டால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

கே: நாணயங்களை அடுக்கி வைக்கும் டியூபை ரப்பர் பேண்டால் கட்டலாமா?

ப: வேண்டாம். ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுக்க வைப்பதே கந்தகம்தான். செய்தித்தாள், கம்பளித் துணியும் வேண்டாம்.

கே: கறுத்த நாணயத்துக்கு பாலிஷ் போடலாமா?

ப: கறுப்பு மேலே படிந்த மெல்லிய படலம்தான். பாலிஷ் போட்டால் வெள்ளியே தேயும். துடைக்காதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

கே: தீத்தடுப்புப் பெட்டி போதுமா?

ப: தீக்குப் போதும். ஆனால் அதன் சுவருக்குள் இருக்கும் பொருள் ஈரம் விடக்கூடியது. ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு, சில மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள்.

கே: 500 நாணயப் பெட்டியை அலமாரி மேல்தட்டில் வைக்கலாமா?

ப: 1 அவுன்ஸ் நாணயங்கள் என்றால் கிட்டத்தட்ட 16 கிலோ. கீழ்த்தட்டில் வையுங்கள்.