சீனாவால் அமெரிக்காவுக்கு ஈடுகொடுக்க முடியுமா?

உற்பத்தியில் சீனா ஏற்கெனவே முந்திவிட்டது; உலகத் தொழிற்சாலை உற்பத்தியில் ஏறத்தாழ 30 சதவீதம் அங்கேதான் நடக்கிறது. ஆனால் வல்லரசின் பிடி நாணயத்திலும் இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதாரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே பிரிட்டனை விஞ்சிவிட்டது என்றாலும், பவுண்டின் செல்வாக்கு ஓய்வதற்கு இரண்டு உலகப் போர்கள் தேவைப்பட்டன. எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதை எதிர்த்து 1956இல் பிரிட்டன் படையெடுத்தபோது, அமெரிக்க அதிபர் ஐசனோவரின் அரசு ஒரு குண்டுகூட வீசவில்லை. பவுண்டு தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், படைகள் வெளியேறும்வரை பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனுக்கு ஆதரவளிக்க மறுத்தது. லண்டன் பணிந்தது.

அத்தகைய பிடி சீனாவிடம் இன்னும் இல்லை. உலக நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பாதிக்கும் மேல் டாலராக இருக்க, யுவானின் பங்கு மிகச் சொற்பம். மூலதனம் தடையின்றி வெளியேறுவதை பெய்ஜிங் அனுமதிக்காதவரை இது பெரிதாக மாறும் என்று நான் கருதவில்லை. 2022 முதல் சீனாவின் மக்கள்தொகையும் குறைந்துவருகிறது.

அதற்காகச் சீனாவைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறு. 2025இல் அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியை அது கட்டுப்படுத்தியபோது, அவற்றைக் கொண்டு செய்யப்படும் காந்தங்கள் கிடைக்காமல் அமெரிக்கக் கார் உற்பத்தியாளர்கள் திணறினார்கள். வாஷிங்டன் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவர வேண்டியிருந்தது.