எட்டு வீச்சும் ஒரே எழுத்தில்

கேள்வி: ஜப்பானியத் தூரிகை எழுத்து கற்க ஆசை. எந்த எழுத்தில் தொடங்கலாம்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: 'எய்' (永) எழுத்தில் தொடங்குங்கள். 'என்றென்றும்' என்று பொருள். புள்ளி, கிடைக்கோடு, கொக்கி என அடிப்படை வீச்சுகள் 8-ம் அதிலேயே வந்துவிடும். தருமபுரி கடைவீதியில் வாங்கிய வாட்டர்கலர் பிரஷ், பழைய தினத்தாள், இவற்றில்தான் நான் பழகினேன். தூரிகையை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்பது பொது வரிசை. எழுதிய கோட்டின் மேல் திரும்பப் பூசவே கூடாது!

அப்புறம் 'ஓய்வு' என்று பொருள்படும் எழுத்துக்கு (休) போங்கள். எனக்கு உயிரான எழுத்து அது. இடப்பக்கம் மனிதனைக் குறிக்கும் வடிவம், வலப்பக்கம் மரத்தைக் குறிக்கும் வடிவம். நம் ஊரில் வெயிலுக்குப் புளியமரத்தடியில் ஒதுங்குகிறவரை நினைத்தபடியே எழுதுவேன். மனிதனை ஒடுக்கமாக எழுதி, மரத்துக்கு அகலமாக இடம் விடுங்கள்.