கொழும்பு ரூபாயும் இந்திய ரூபாயும்: வாசகர் கேள்வி-பதில்

கே: 1966-ல் கொழும்பிலிருந்து நூறு ரூபாய் அனுப்பினால் ஊரில் நூற்றைம்பதுக்கு மேல் கிடைத்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இலங்கை ரூபாய்க்கு அவ்வளவு மதிப்பு இருந்ததா?
– வாசகர், இராமநாதபுரம்

ப: இருந்தது, ஆனால் ஒன்றரை ஆண்டுக்கும் குறைவாகத்தான். 1966 ஜூன் 6-ல் இந்தியா டாலரின் விலையை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக உயர்த்தியது. இலங்கை அன்று எதையும் மாற்றவில்லை. அங்கே டாலர் 4.76-லேயே நின்றது. 7.50-ஐ 4.76-ஆல் வகுத்தால் 1.5756 வரும். அதாவது 100 இலங்கை ரூபாய்க்கு 157 ரூபாய் 56 காசு, வங்கிக் கழிவு தனி. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது இலங்கையும் தன் ரூபாயை 20 சதவீதம் குறைத்தது. டாலர் அங்கே 5.95 ஆனது. இந்தியா அசையாமல் 7.50-ல் நின்றதால் விகிதம் 1.26-க்கு இறங்கியது.

அந்தச் சலுகை எல்லோருக்கும் எட்டியது என்று நினைத்துவிடக் கூடாது. இலங்கையில் 1953 முதலே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அனுமதி பெற்று வங்கி வழியாக அனுப்பியவருக்கே இந்தக் கணக்கு.

கே: 1966-ல் நடந்த மதிப்புக் குறைப்பை ஒரு புத்தகம் 36.5 சதவீதம் என்கிறது, இன்னொன்று 57.5 என்கிறது. எது சரி?
– கல்லூரி மாணவி, மதுரை

ப: இரண்டும் சரி. டாலரின் விலை 4.76-லிருந்து 7.50-க்கு ஏறியது 57.5 சதவீத உயர்வு. ஒரு ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 21 சென்ட்டிலிருந்து 13.33 சென்ட்டாக இறங்கியது 36.5 சதவீதக் குறைவு. எந்தப் பக்கத்திலிருந்து அளந்தது என்று குறிப்பிடாத சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இலங்கையின் 1967 குறைப்பும் அப்படித்தான்: மதிப்பில் 20 சதவீதம் குறைவு, டாலர் விலையில் 25 சதவீதம் உயர்வு.

கே: அதற்கு முன் இரண்டு ரூபாயும் எப்போதும் சமமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: 1872 முதல் 1966 வரை ஏறக்குறைய அப்படியே. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே காசுதான். இந்திய வெள்ளி ரூபாயையே இலங்கை தன் ரூபாயாக வைத்துக்கொண்டது. 1872 முதல் அதை 100 சதமாகப் பிரித்தது. இந்தியா பத்தின் கணக்குக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-ல்தான். 1884-ல் ஓரியண்டல் வங்கி முறிந்து அதன் நோட்டுகள் நெருக்கடிக்கு உள்ளானதும், இலங்கை அரசே நோட்டு வெளியிடத் தொடங்கியது.

ஒரே வெள்ளி என்பதால் ஏற்ற இறக்கமும் ஒன்றாகவே வந்தது. 1870-களின் தொடக்கத்தில் 2 ஷில்லிங்குக்குச் (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி) சற்றுக் குறைவாக இருந்த ரூபாய், வெள்ளி விலை சரிந்து 1890-களின் நடுவில் 1 ஷில்லிங் 1 பென்னி வரை போனது. தேயிலையை லண்டனில் பவுண்டுக்கு விற்று, தோட்டத்தில் ரூபாயில் கூலி கொடுத்த முதலாளிகளுக்கு அது பெரிய லாபம். அதே ரூபாயில் கூலி வாங்கிய தமிழ்த் தொழிலாளிக்கு அதில் பங்கில்லை. மலையக வரலாற்றைப் படிப்பவர்கள் இந்த விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

1949 செப்டம்பரில் பவுண்டைப் பின்பற்றி இரு நாடுகளும் ஒரே அளவில் குறைத்தன. இரண்டிலும் டாலர் 4.76. 1950 ஆகஸ்ட் 28-ல் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. பிரிந்து போகும் அதிகாரம் அப்போதே கைக்கு வந்துவிட்டது, பிரிவு 1966-ல் வந்தது.

பழைய கணக்கேடு பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்திய ஏட்டில் 12-6-0 என்றால் 12 ரூபாய் 6 அணா 0 பை (12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய்), அதாவது 12.375 ரூபாய். இலங்கை ஏட்டில் 12.06 என்றால் 12 ரூபாய் 6 சதம். ஓர் அணா ஆறேகால் சதம் என்பதை மறந்து கூட்டினால் மொத்தம் இடிக்கும்.

கே: 1969-ல் அப்பாவின் வங்கித் தாளில் உள்ள விகிதம் 1.26-க்குப் பொருந்தவே இல்லை. வங்கி ஏமாற்றியதா?
– வாசகர், கூடலூர்

ப: அவசரப்பட்டு அப்படி முடிவு செய்யாதீர்கள். 1968 மே முதல் இலங்கையில் ஒரே நாளில் இரண்டு விகிதங்கள் இருந்தன. அரிசி, மாவு போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும், தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் 5.95. மற்றப் பலவற்றுக்கு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குக் கூடுதல் விலை. முதலில் 44 சதவீதம், 1969-ல் 55, 1972-ல் 65.

தாளில் உள்ள இந்தியத் தொகையை இலங்கைத் தொகையால் வகுத்துப் பாருங்கள். 1.26-ஐ ஒட்டி வந்தால் அது அதிகாரபூர்வ விகிதம். 0.87 வந்தால் 44 சதவீதச் சான்றிதழ் (5.95 × 1.44 = 8.57, 7.50 ÷ 8.57). 0.81 வந்தால் 55 சதவீதம். சிறு வித்தியாசம் வங்கிக் கழிவாக இருக்கும். மூன்றிலும் சேராவிட்டால் தேதியைப் பாருங்கள். 1971 ஆகஸ்டில் அமெரிக்கா டாலருக்கு நிலையான விலையில் தங்கம் தருவதை நிறுத்திய பின் நாணயங்களின் விகிதங்கள் நகரத் தொடங்கின; இந்த எண்களை அதன் பிறகு அப்படியே நம்ப முடியாது.

கே: 1947-ல் ஒரு டாலர் ஒரு ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– வாசகர், சேலம்

ப: தவறு. அப்போது ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். பவுண்டுக்கு 240 பென்ஸ். 240-ஐ 18-ஆல் வகுத்தால் பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. பவுண்டு 4.03 டாலர். ஆக, டாலர் சுமார் 3 ரூபாய் 31 காசு. கொழும்பிலும் அதுவே.

கே: இலங்கை ரூபாய் எப்போது இந்திய ரூபாயைவிடத் தாழ்ந்தது?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: சான்றிதழ் விலையில் பார்த்தால் 1968-லேயே. அதிகாரபூர்வமாகப் பெரிய இறக்கம் 1977 நவம்பரில்: இரட்டை விகிதத்தை ஒழித்து டாலரை 16 ரூபாய் என்று வைத்தார்கள். இந்தியாவில் அப்போது டாலர் எட்டரையைச் சற்றுத் தாண்டியிருந்தது. ஆகவே ஓர் இந்திய ரூபாய்க்கு 1.80-க்கு மேல் இலங்கை ரூபாய். 1991 ஜூலையில் இந்தியா இரண்டு தவணையாகத் தன் ரூபாயைக் குறைத்ததும் இடைவெளி கொஞ்சம் குறுகியது. 2022 மார்ச்சில் கட்டிவைத்த விகிதத்தை இலங்கை அவிழ்த்துவிட, 203-ல் நின்ற டாலர் மே மாதத்துக்குள் 360-ஐ எட்டியது. இந்திய ரூபாய்க்கு 2.70 போல் இருந்த விகிதம் நாலரையைத் தாண்டியது. அந்த ஆண்டுக்குச் சராசரி விகிதம் போட்டுக் கணக்கு எழுதினால் பிப்ரவரிக்கும் பொருந்தாது, ஜூனுக்கும் பொருந்தாது. பரிமாற்றம் நடந்த மாதத்தின் விகிதத்தையே எடுங்கள்.