120-லேயே பூட்டி வைப்பதா, ஆட்டோவில் விடுவதா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கதிர் அறுக்கும் மெஷின்களை வயல் வயலாக அனுப்பிவைக்கும் ஏஜென்ட் நான். தை, மாசியில் நாள் முழுக்க போன் கையிலேயே இருக்கும். புதுப் போனில் 120 ஹெர்ட்ஸ் திரை. திரையின் வேகத்தை (ரிஃப்ரெஷ் ரேட்) போனே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோவில் போட்டால் திரை சீக்கிரம் கெட்டுவிடும், 120-லேயே வையுங்கள் என்று கடையில் சொன்னார்கள். அப்படி வைத்தால் மூன்று மணிக்கெல்லாம் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. ஆட்டோவில் போட்டால் ராத்திரியில் திரை லேசாக மினுக்குகிற மாதிரி இருக்கிறது. எதில் வைப்பது?"

ஆட்டோவில் வையுங்கள். திரை கெடாது. வேகம் மாறுவது மின்சுற்றுக்குள் நடக்கும் வேலை. அதில் தேய்ந்துபோக எதுவும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரையில் படிந்துபோன தடம் விழுவதற்குக் காரணம் அதிக வெளிச்சமும், சூடும், ஒரே படம் நெடுநேரம் நிற்பதும்தான்.

120 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 120 தடவை தன்னைப் புதிதாக வரைந்துகொள்கிறது. ஒரு தடவைக்கு 8.3 மில்லி நொடி. 60-ல் இது 16.7. பட்டியலை விரலால் தள்ளும்போது எழுத்துகள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிவது இதனால்தான். ஆனால் நீங்கள் தள்ளும்போது ஆட்டோவும் 120-க்குத்தான் ஏறும். அந்த நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. வேறுபாடு விரலை எடுத்த பிறகு தொடங்குகிறது. யாரோ அனுப்பிய வயலின் இருப்பிடத்தையோ, வாட்ஸ்அப்பில் வந்த கணக்கையோ நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். திரையில் எதுவும் அசையவில்லை. 120-ல் பூட்டிய போன் அந்த அசையாத படத்தையே நொடிக்கு 120 தடவை வரைந்துகொண்டிருக்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வயல் நிறைந்த பிறகும் மதகை அடைக்காமல் விடுவது. ஆட்டோ என்பது முறை வைத்துத் தண்ணீர் விடுவது.

எவ்வளவு மிச்சமாகும் என்பது உங்கள் திரையின் வகையைப் பொறுத்தது. கடைகளில் பெரும்பாலும் சொல்லாமல் விடும் விஷயம் இது. ஒவ்வொரு புள்ளியும் தனக்கு வந்த மின்னூட்டத்தை அடுத்த தடவை வரைகிற வரை பிடித்து வைத்திருக்க வேண்டும். சாதாரண அமோலெட் பேனலில் அது மெல்லக் கசியும். அதனால் வேகத்தை ரொம்பக் குறைக்க முடியாது. பெரும்பாலும் 120, 90, 60 என்று படிகளில்தான் இறங்கும். எல்டிபிஓ என்ற வகையில் கசிவு மிகக் குறைவு. 2020-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 20 அல்ட்ராவில் அந்த வகைத் திரை வந்தது. 2021-ல் ஐபோன் 13 ப்ரோ 10 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. அடுத்த ஆண்டு 14 ப்ரோ 1 ஹெர்ட்ஸுக்கே இறங்கியது. உங்கள் போன் எல்டிபிஓ என்றால் ஆட்டோவின் பலன் நன்றாகவே தெரியும். இல்லையென்றால் கொஞ்சம்தான். பெட்டியிலோ நிறுவனத்தின் தளத்திலோ எந்த வகை என்று பாருங்கள்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால், ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் இருக்கும் 'பில்ட் நம்பர்' மீது ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ரிஃப்ரெஷ் ரேட்டைக் காட்டும் பொத்தான் பல போன்களில் இருக்கிறது. போட்டதும் திரை ஓரத்தில் ஒரு எண் ஓடும். விரல் வைத்தால் 120, எடுத்துச் சில நொடிகளில் 60 என்று மாறினால் ஆட்டோ வேலை செய்கிறது. 60-க்குக் கீழே பேனல் தானாக இறங்குவது சில போன்களில் இந்த எண்ணில் தெரியாது, அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். 120-ல் பூட்டி வைத்த சில போன்களிலும் கேமரா, வீடியோ, மேப் திறந்தால் எண் 60-க்கு இறங்குவதைப் பார்க்கலாம். அது கோளாறு இல்லை, தயாரிப்பாளரே அப்படி வைத்திருப்பார்.

ராத்திரி மினுக்கலுக்கு வருகிறேன். அது உங்கள் பிரமை இல்லை. ஒவ்வொரு வேகத்துக்கும் நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாகச் சரிசெய்துதான் திரையை அனுப்புகிறார்கள். வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும்போது அந்தச் சரிசெய்தலில் உள்ள சின்ன வித்தியாசமும் கண்ணில் படும். 120-லிருந்து 60-க்கு மாறும் நொடியில் சாம்பல் நிறம் லேசாகத் துள்ளும். ஒரே வேகத்தில் பூட்டி வைப்பது சரியான தீர்வாக இருக்கும் ஒரே இடம் இதுதான். இரவில் 60-ல் போட்டுவிட்டுப் படியுங்கள், காலையில் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே அடங்கிவிடும். 60-லும் கண் உறுத்தினால் காரணம் இந்த மாற்றம் இல்லை. வெளிச்சத்தைக் குறைப்பதற்காகத் திரை அணைந்து அணைந்து எரியும் முறையாக இருக்கலாம். அது வேறு விஷயம்.

அப்புறம், மூன்று மணிக்கே சார்ஜ் தீர்வதற்கு ரிஃப்ரெஷ் ரேட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நடு வயலில் வெயிலில் நிற்கும்போது திரை வெளிச்சம் உச்சத்துக்குப் போகிறது. 60-க்கும் 120-க்கும் உள்ள செலவு வித்தியாசத்தைவிட அது பெரிய செலவு. டவர் தூரமாக இருந்தால் போன் சிக்னலைப் பிடிக்கக் கூடுதல் சக்தியோடு அனுப்பும், அதுவும் சேரும். வண்டி ஹேண்டிலில் மாட்டி வெயிலில் காயவிட்டால் பேட்டரியின் ஆயுளே குறையும். சூடு ஏறினால் போன் தானே வெளிச்சத்தையும் வேகத்தையும் குறைத்துவிடும், அப்போது நீங்கள் 120-ல் பூட்டியதற்கு அர்த்தமே இருக்காது. பேச்சு முடிந்ததும் திரையை அணைத்துச் சட்டைப்பையில் போடுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் மாலை வரை காத்திருக்க வேண்டிய நாளில், சார்ஜ் 30-க்கு வந்ததுமே பேட்டரி சேவரைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான போன்களில் அது திரையை 60-க்கு இறக்கிவிடும். டிரைவரிடம் பேசவும் அடுத்த வயலுக்கு வழி சொல்லவும் 60 தாராளம்.