ஒய்-ஜாப் மாதிரி ஏன் உயரமாகத் தெரிகிறது?

வணக்கம். 1938-ஆம் ஆண்டின் ப்யூக் ஒய்-ஜாப் காரை 24-இல் ஒரு பங்கு அளவில் செய்துவரும் நீங்கள், உடற்பகுதியின் அளவுகள் சரியாக இருந்தும் வண்டி உயரமாகத் தெரிவதாகவும், அக்காலத்து வேறொரு காரின் 17 மி.மீ. சக்கர வளையங்களைப் பொருத்தியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கோளாறு அந்த வளையங்களில்தான் இருக்கிறது. அன்றைய கார்கள் பெரும்பாலும் 16 அங்குலச் சக்கரங்களில் ஓடியபோது, ப்யூக் கார்களைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் இந்தக் காரைத் தரையோடு ஒட்டியதுபோல் காட்ட 13 அங்குலச் சக்கரங்களைப் பொருத்தினார். உங்கள் அளவில் அது ஏறத்தாழ 13.8 மி.மீ. ஆகும். வளையங்களை மாற்றியபின் உடலைச் சற்றே கீழே இறக்கினால், நீங்கள் தேடும் தோற்றம் கிடைத்துவிடும்.

கதவுக்குக் கீழே ஃபுட்போர்டு வேண்டாம்; அசலில் அது கிடையாது. முகப்பு விளக்குகளும் மூடிகளுக்குள் மறைந்திருப்பவை என்பதால், மூடியின் விளிம்பை மெல்லிய கோடாகக் கீறினாலே போதும். மிச்சமாகும் பொறுமையை முன்புறக் கிரில்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: தாழ்வாகவும் அகலமாகவும் விரியும் அதன் செங்குத்துக் கம்பிகள் சிறிது தடித்தாலும், என் கண்ணுக்கு, முகமே கெட்டுவிடும்.