துணி டயப்பர் வாங்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம், தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தஞ்சாவூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் மேடவாக்கத்தில் உள்ள எங்கள் ஃப்ளாட்டுக்குத் திரும்பிவிடுவேன். அங்கே போர் தண்ணீர்தான், ஒரே உப்பு. ஆறாம் மாதம் முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும். பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார், அவருக்கு மூட்டு வலி. குப்பை சேர்க்க வேண்டாமே என்று துணி டயப்பர் பயன்படுத்த நினைக்கிறேன். ஆன்லைனில் 12 டயப்பர் கொண்ட காம்போ ஒன்று ஐயாயிரம் ரூபாய்க்கு வருகிறது, வாங்கிவிடவா? அம்மாவோ, "பழைய வேட்டியைக் கிழித்தால் போதும், இந்த மூட்டையைக் கட்டினால் பிள்ளைக்குக் கால் வளைந்துவிடும்" என்கிறார். ராத்திரிக்கு இது தாங்குமா? நாத்தனார் தன் மகள் பயன்படுத்திய துணி டயப்பர்களைத் தருவதாகச் சொல்கிறார், அதை வாங்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: காம்போவை இப்போது வாங்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு உங்கள் அம்மா சொல்கிற வேட்டிதான் சரி. அதற்கப்புறம் கணக்கு வேறு.

அந்த காம்போவின் பெட்டியில் 'ஃப்ரீ சைஸ், 5 முதல் 17 கிலோ' என்பது போல ஏதாவது போட்டிருக்கும். நம் ஊரில் பிறக்கும் பிள்ளைகள் பலரும் மூன்று கிலோவைத் தொடுவதில்லை. பட்டனை எவ்வளவு உள்ளே தள்ளிப் போட்டாலும் தொடைப் பக்கம் இடைவெளி விழும், அந்த வழியே எல்லாம் வெளியே வந்துவிடும். மேலும், பிறந்த குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போகும். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தடவைகூட ஆகலாம். பன்னிரண்டு டயப்பர் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

அப்பாவிடம் பழைய வேட்டி கேளுங்கள். நாலு முழ வேட்டி ஒன்றில் இரண்டடிச் சதுரமாக ஆறு துண்டு வரும். நாலைந்து வேட்டி கிடைத்தால் போதும். கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், ஜரிகையாக இருந்தால் இடுப்பில் உறுத்தும். ஓரத்தை மடித்து ஒரு ஓட்டுத் தையல் போட்டால் நூல் பிரியாது. பிரிந்த நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முக்கோணமாக மடித்து, தொப்புளுக்குக் கீழே முடிச்சு விழுமாறு கட்டுங்கள். தொப்புள்கொடி காய்ந்து விழும் வரை, அதாவது ஒன்று இரண்டு வாரம், அந்த இடம் ஈரம் படாமல் இருக்க வேண்டும். ஊக்கு வேண்டவே வேண்டாம். தூளியில் போடும்போது அடியில் நாலாக மடித்த ஒரு துணி, பாயில் போடும்போது ரப்பர் ஷீட்டின் மேல் ஒரு துணி. முதல் இரண்டு மூன்று நாள் வரும் காட்டுப்பீயின் கறை லேசில் போகாது; அதற்கு ரொம்பவும் நைந்த துண்டுகளை வைத்துக்கொண்டு, பிறகு தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வேட்டித் துணியில் இன்னொரு நன்மை இருக்கிறது. தலைப்பிரசவத்தில் எல்லாத் தாய்மாரும் கேட்கிற கேள்வி, "பால் போதுமானதாக இருக்கிறதா?" என்பது. ஐந்தாறு நாள் ஆன குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். துணி நனைந்தால் உடனே தெரியும். கடையில் வாங்கி ஒருமுறை கட்டித் தூக்கிப்போடும் டயப்பரில் இருக்கும் ஜெல் ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடுவதால், போனதா இல்லையா என்று அமுக்கி அமுக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆறுக்குக் குறைந்தால், அல்லது நிறம் அடர் மஞ்சளாக இருந்தால், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கால் வளைந்துவிடும் என்ற அம்மாவின் பயத்துக்கு: வளையாது. எல்லாக் குழந்தையும் பிறக்கும்போது கொஞ்சம் வளைந்த காலோடுதான் பிறக்கிறது, நடக்க ஆரம்பித்த பிறகு தானாக நேராகும். உண்மையில் இடுப்பு மூட்டுக்கு நல்லது, தொடைகள் கொஞ்சம் அகன்று மடிந்திருப்பதுதான். கால்களை நேராக நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுகிறோமே, அதுதான் கூடாது. இதை அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். வேட்டி விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டுவிட்டதால், இதில் நீங்கள் சொல்வதை அவரும் கேட்பார்.

இனி மேடவாக்கம். துணி டயப்பரைப் பற்றிப் பேசுகிறவர்கள் டிசைனைப் பற்றிப் பேசுவார்கள், மூங்கில் நாரா பருத்தியா என்று பேசுவார்கள். (மூங்கில் என்று போட்டிருப்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து ஆலையில் எடுத்த விஸ்கோஸ் என்ற இழைதான், அது தனிக்கதை.) குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டுத் துவைத்தால் நுரை வராது, வெள்ளையாகத் திரித்திரியாக ஒன்று மிதக்கும், பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து உண்டாகும் கசடு அது. அது துணியின் இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் படியப் படிய, துணி விறைத்துப்போய்த் தண்ணீரை உறிஞ்ச மறுக்கும், சிறுநீர் நாற்றம் துவைத்த பிறகும் போகாது. "டயப்பர் மட்டம், ஒழுகுகிறது" என்று மூலையில் போடுகிறவர்களில் பாதிப் பேருடைய பிரச்சினை டயப்பரில் இல்லை, தண்ணீரில்தான் என்பது என் எண்ணம். சோதிப்பது சுலபம். காய்ந்த துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போனால் சரி. முத்தாக நின்றால் கசடு ஏறியிருக்கிறது.

இப்போது கடையில் துணி டயப்பரில் என்னென்ன வகை இருக்கிறது என்று பார்ப்போம். எல்லாவற்றுக்கும் பொதுவானது, நீர் கசியாத ஓர் உறை. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற இளம் தாய், குளியலறைத் திரையை வெட்டித் தைத்த உறையில் தொடங்கிய சமாச்சாரம் இது. 1951-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஊக்குக்குப் பதிலாக அழுத்துப் பட்டனை வைத்ததும் அவர்தான். இன்றைய உறை பாலியூரித்தேன் பூசிய துணி, பியுஎல் என்பார்கள். அதற்குள் உறிஞ்சும் துணியை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. எல்லாம் ஒன்றாகத் தைத்த வகை, மாட்டுவதற்குச் சுலபம், ஆனால் காய்வதற்குள் பொழுது போய்விடும். ஐப்பசி கார்த்திகை மழையில் மறந்தேவிடுங்கள். பாக்கெட் வகையில் உறையின் உட்புறம் ஒரு மெத்தென்ற ஃப்ளீஸ் துணி இருக்கும், இடையில் உள்ள பைக்குள், ஈரத்தை உறிஞ்சும் பேடைச் செருக வேண்டும். மலிவான காம்போக்களில் பெரும்பாலும் இந்த வகைதான், பேடு மைக்ரோஃபைபர் என்ற மெல்லிய செயற்கை இழைத் துணி. சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் காயும். ஆனால் உப்புத் தண்ணீரில் சோப்பையும் நாற்றத்தையும் பிடித்துவைத்துக்கொள்வதில் அதற்கு நிகர் இல்லை. மைக்ரோஃபைபர் குழந்தையின் தோலில் நேரடியாகப் படவும் கூடாது, தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடும். மூன்றாவது, வெறும் உறை. உள்ளே ஃப்ளீஸ் எதுவும் கிடையாது, மடித்த பருத்தித் துணியை வைத்து மாட்ட வேண்டியதுதான்.

உங்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றாவது வகை. ஒற்றை மடிப்புத் துணி என்பதால் உப்புத் தண்ணீரிலும் நன்றாக அலசிக்கொள்ளும், சென்னை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சிறுநீர் மட்டும் என்றால் உறையைத் துடைத்து, காற்றாட வைத்து, வேறு துணி வைத்து மறுபடி மாட்டலாம். ஆய் போனால்தான் உறை துவைக்கப் போகும். அதனால் ஐந்து உறை போதும். துணி இருபது இருபத்தைந்து வேண்டும். தஞ்சாவூரில் கட்டிய வேட்டித் துண்டுகளையே இரண்டிரண்டாகச் சேர்த்து மடிக்கலாம். போதாததற்குத் திருப்பூர் பனியன் துணி, வெள்ளையில், நூறு சதவீதம் பருத்தியாகக் கேட்டு வாங்குங்கள். வெட்டினால் பிரியாது, ஓரம் அடிக்க வேண்டியதில்லை. புதிய பருத்தித் துணியை வாங்கியவுடனே கட்டினால் ஒழுகும். பருத்தியின் இயற்கையான எண்ணெய் போக நாலைந்து தடவையாவது துவைக்க வேண்டும். ஓர் உறை நானூறு ரூபாய் என்று வைத்தால் இரண்டாயிரம், துணிக்கு ஆயிரம் ஆகட்டும். ஐயாயிரத்தில் மிச்சம் இருப்பதை அப்படியே வையுங்கள். முதலில் இரண்டு கம்பெனியில் ஒவ்வோர் உறை மட்டும் வாங்கிப் பாருங்கள். தொடை சிறுத்த குழந்தைக்கு ஒன்று பொருந்தும், கொழுகொழு குழந்தைக்கு இன்னொன்று. பிறக்காத பிள்ளையின் தொடையை யாரால் அளக்க முடியும்?

மாட்டும்போது இரண்டு விஷயம். தொடை எலாஸ்டிக், ஜட்டி போடும் கோட்டில், இடுக்கில் உட்கார வேண்டும். தொடையின் நடுவில் அல்ல. உள்துணியின் ஒரு நூல்கூட வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், அதன் வழியே ஈரம் சட்டைக்கு ஏறிவிடும்.

மாமியாருக்குப் பகலில் வேலை, மாற்றுவது மட்டும்தான் இருக்க வேண்டும். துணிகளை முந்தின இரவே மடித்து உறைக்குள் வைத்து அடுக்கிவிடுங்கள். விரல்களிலும் வலி இருந்தால், பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ வைத்தது இரண்டு வாங்கலாம். வெல்க்ரோவில் நூலும் தூசியும் ஒட்டும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளை அதைப் பிய்க்கவும் கற்றுக்கொள்ளும், ஆனால் பாட்டிக்குச் சுலபம். கழற்றியதைத் துளை போட்ட பிளாஸ்டிக் கூடையில் போடட்டும். பக்கெட் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் வேண்டாம். எலாஸ்டிக் கெடும், உறையின் பூச்சு உரியும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் தண்ணீர் நிறைந்த பக்கெட்டே இருக்கக் கூடாது.

துவைப்பது யார்? கடிதம் முழுக்க அம்மா, மாமியார், நாத்தனார் எல்லாரும் வருகிறார்கள், உங்கள் கணவரைக் காணோம். வாஷிங் மெஷின் பட்டனை அமுக்கவும் கொடியில் காயப்போடவும் மூட்டு வலி இல்லாத அவரால் முடியும். இதைக் குழந்தை பிறக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். முடியாது என்று அவர் சொன்னால் துணி டயப்பர் திட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் நீங்களே தூக்கிச் சுமக்காதீர்கள்.

துவைக்கும் முறை பெரிய வித்தை இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் சாதம், பருப்பு என்று ஆரம்பித்ததும் முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டு அலச வேண்டும். பிறகு மெஷினில் ஒரு தடவை வெறும் தண்ணீரில் ஓடவிட்டு, அடுத்து 40 டிகிரி வெந்நீரில் சலவைத் தூளோடு. சோப்புக் கட்டி வேண்டாம். உங்கள் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் வாஷிங் சோடாவும் சேர்க்கலாம், சமையல் சோடா அல்ல. தூளை மிகக் குறைவாகப் போட்டாலும் உப்புத் தண்ணீரில் அழுக்குப் போகாது. வாசனைக்காகக் கடைசி அலசலில் விடுகிறார்களே, அந்த கண்டிஷனர் பக்கமே போகாதீர்கள். இழையின் மேல் படலம் போட்டுவிடும். லாரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ இருக்கும் நாளில் கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்துங்கள். துணிகளை நல்ல வெயிலில் போடுங்கள், மஞ்சள் கறையை வெயில் எடுத்துவிடும். உறைகளை மட்டும் நிழலில். அவற்றைக் கொதிக்க வைக்கவும் கூடாது.

குப்பைக்காகத்தான் இந்த யோசனை என்று எழுதியிருந்தீர்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கார்பன் வெளியேற்றக் கணக்கைப் பார்த்தால் துணி டயப்பருக்கும் தூக்கிப்போடும் டயப்பருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே துணியைச் சூட்டில் துவைத்து மின்சார டிரையரில் காயவைப்பது அதற்கு ஒரு பெரிய காரணம். கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் துணி நன்றாக முந்துகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. 2023-ல் அதே நாட்டு அரசு செய்த புதிய ஆய்வில் துணியின் கார்பன் வெளியேற்றம் சுமார் 25 சதவீதம் குறைவு. கொடியும் வெயிலும் நம்மிடம் சும்மா கிடைக்கின்றன.

ராத்திரிக்கு: மூன்று மாதத்துக்கு மேல், வழக்கமான மடிப்புக்கு அடியில் ஹெம்ப் என்ற செடிநார்த் துணியில் தைத்த பேடு ஒன்றை வைத்தால் நாலைந்து மணி நேரம் தாங்கும். ஹெம்ப் மெதுவாகத்தான் உறிஞ்சும், ஆனால் நிறைய வாங்கிக்கொள்ளும், அதனால்தான் அடியில். ஆய் போய்விட்டால் எந்த டயப்பராக இருந்தாலும் உடனே மாற்ற வேண்டும். இரவில் தூக்கமே இல்லை என்றால் கடை டயப்பர் ஒன்றைக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். ஒரு நாளைக்கு ஏழுக்குப் பதில் ஒன்று குப்பைக்குப் போகிறது, அது தோல்வி இல்லை. பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நனைந்தாலும் நனையாவிட்டாலும் அவிழ்த்துப் பாருங்கள், தினமும் கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் விடுங்கள். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். புண்ணுக்குத் துத்தநாக க்ரீம் தடவினால் இடையில் ஒரு மெல்லிய துணி போடுங்கள், க்ரீம் உள்துணியில் படிந்தாலும் உறிஞ்சாது. தொடை மடிப்புகளுக்குள் பளிச்சென்ற சிவப்பும் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளும் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நாத்தனார் தருவதைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். உறையை இழுத்துப் பாருங்கள், எலாஸ்டிக் திரும்பிச் சுருங்க வேண்டும். உட்புறத்தில் கால் தம்ளர் தண்ணீர் விட்டுக் கையில் ஏந்திப் பாருங்கள், அடியில் கசிந்தால் அந்த உறை போச்சு. தேறியதை நன்றாகத் துவைத்து எடுத்து வையுங்கள். பேடுகளை வெந்நீரில், சலவைத் தூள் போடாமல், தண்ணீரில் நுரை வருவது நிற்கும் வரை அலசி, அந்தச் சொட்டுத் தண்ணீர்ச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். அவரிடம் நல்ல உறை மூன்று கிடைத்தாலே, நீங்கள் வாங்க வேண்டியது இரண்டுதான்.